கடைசிக் கண்ணி

அரிசி மூட்டை வீட்டுக்கு வந்து இறங்கியதும் அதைப் பிரிக்கிற வேலை எல்லாக் குடும்பத்திலும் யாரோ ஒருவருடையது. விஷயம் தெரிந்தவர் கத்தரிக்கோலைத் தேட மாட்டார். மூட்டை வாயின் ஒரு ஓரத்தில் நூலைப் பிடித்துச் சுண்டுவார். சர்ரென்று மொத்தத் தையலும் உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும். அதே மூட்டையை மறு ஓரத்திலிருந்து இழுத்துப் பாருங்கள். நூல் இறுகும், விரலை அறுக்கும், கடைசியில் அரிவாள்மனைதான் கதி.

அந்தச் சாக்கில் போட்டிருப்பது சங்கிலித் தையல். கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் முதுகில் பளபளக்கிற ஆரி வேலைக்கு அஸ்திவாரமும் இதே தையல்தான். ‘ஆரி ஒர்க் கத்துக்கணும், எதுல ஆரம்பிக்கிறதுக்கா?’ என்று வருகிறவர்களிடம் நான் எடுத்த எடுப்பில் மணி, ஜர்தோசி என்றெல்லாம் பேசுவதில்லை. டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சாக்கு மூட்டையைப் பற்றிச் சொல்வேன்.

நூல் ஒன்றேதான். துணியின் அடியிலிருந்து மேலே வருகிறது; ஒரு கண்ணியாக வளைந்து, வந்த துளைக்குள்ளேயே திரும்பிப் போகிறது. சற்றுத் தள்ளி அடுத்த இடத்தில் மறுபடி மேலே வரும்போது, முன்பு போட்ட கண்ணிக்கு உள்ளே தலையை நீட்டுகிறது. முதல் கண்ணி அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவதை மூன்றாவது பிடிக்கும், மூன்றாவதை நான்காவது. ஐந்நூறு கண்ணி போட்டாலும் ஒவ்வொன்றையும் அடுத்தது பிடித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கண்ணியைப் பிடிக்கத்தான் ஆள் கிடையாது. அது கழன்றால் முந்தையது கழலும், பிறகு அதற்கு முந்தையது. மூட்டையில் நடந்தது அதுதான்: தையல் முடிந்த ஓரத்தில் பிடித்து இழுத்தால் உருவும், தொடங்கிய ஓரத்தில் இழுத்தால் உருவாது.

சாக்குக்கு அது வசதி, பிரிக்கத்தானே தைக்கிறார்கள். பிளவுஸுக்கு அதுவே வினை. பந்தியில் வளையல் ஒரு நூலில் மாட்டி இழுத்தால், கைமுட்டியில் பூத்திருந்த தாமரை சாப்பாடு முடிவதற்குள் பாதியாகிவிடும். ஆகவே இந்தத் தையலைப் போடக் கற்பதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நேரம் அதை முடிக்கக் கற்பதற்கும் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் அப்படிக் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. அறுபது தையல், எண்பது தையல் என்று பட்டியல் போடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் அவற்றில் பல, இதே சங்கிலியை வளைத்தும் நெருக்கியும் கோணலாகவும் போட்டுப் புதுப்பெயர் வைத்தவை.

ஆரி ஊசியை உடனே வாங்க வேண்டாம். ஆரியில் பாதி வேலை துணிக்கு அடியில் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கண்ணி எப்படி உருவாகிறது என்று முதலில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்குச் சாதாரண எம்பிராய்டரி ஊசியும், ஒரு சின்ன ரிங்கும், ஒரு துண்டு வெள்ளைப் பருத்தித் துணியும் போதும். துணி புதிதென்றால் ஒருமுறை அலசிக் கஞ்சியைப் போக்கி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு சுருங்கினால் தையலைச் சுற்றிச் சுருக்கம் விழும்.

நூலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடையில் கேட்டால் கிடைக்கிற பருத்தி எம்பிராய்டரி நூல் 6 இழையாக இருக்கும். பழகுவதற்கு 3 இழை சரியான தடிமன். மூன்றையும் சேர்த்துப் பிரித்தால் சிக்கு விழும். ஒவ்வோர் இழையாக உருவி எடுத்துப் பக்கத்தில் வைத்து, பிறகு மூன்றையும் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். நீளம் ஒரு முழம். அதற்குமேல் எடுத்தால் ஊசி கோக்கிற நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் முழுவதும் துணியை உரசிக்கொண்டு போய்வருகிறது. பின்பாதி நூல் பஞ்சு பறந்து, மினுமினுப்புப் போய், முன்பாதியோடு ஒட்டாமல் நிற்கும்.

பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல்முனையில் ஊசியை அடியிலிருந்து மேலே எடுத்து, உங்களை நோக்கி வர வேண்டும். நூலை இடது பக்கமாக ஒரு வளைவாகப் போட்டு, இடது கட்டைவிரலால் துணியோடு அமுக்கிக்கொள்ளுங்கள். ஊசி நுனியை, நூல் வெளிவந்த அதே துளையில் திரும்ப இறக்குங்கள். பக்கத்துத் துளை ஆகாது. இறக்கிய நுனியை 3 மில்லிமீட்டர் தள்ளிக் கோட்டின் மேலேயே வெளியே எட்டிப் பார்க்க வையுங்கள். இப்போது கட்டைவிரலடியில் இருக்கிற வளைவு ஊசி நுனிக்குக் கீழே வந்து கிடக்க வேண்டும். கிடக்கிறதா? ஊசியை இழுங்கள். கண்ணி சுருங்கிக்கொண்டே வந்து, நூல் வெளிவருகிற இடத்தில் போய் உட்காரும். அந்தக் கடைசி நொடி வரை கட்டைவிரல் எழக் கூடாது. பூக் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் வசப்படும்; நூலைத் தளரவிடாமலும் காம்பை நெரிக்காமலும் பிடிப்பதை மல்லிகை ஏற்கெனவே விரலுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும்.

இழுக்கிற திசையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நூலை ஆகாயத்தை நோக்கித் தூக்குவார்கள். கண்ணி ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகிவிடும். கோடு போகிற திசையில், துணியை ஒட்டினாற்போல, உங்கள் பக்கமாக இழுங்கள். எவ்வளவு இழுப்பது என்பதற்கு அளவுகோல் கண்ணிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கால்களுக்கும் நடுவே துணி ஒரு கீற்றாகத் தெரிய வேண்டும். கால்கள் ஒட்டிக்கொண்டால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். கண்ணி துணியை விட்டு எழும்பி நின்றால் போதவில்லை.

ஒரு கோடு முடிந்ததும் துணியைத் திருப்பிப் பாருங்கள். உங்களுக்கு நீங்களே போடுகிற பரீட்சை அது. பின்பக்கம் சங்கிலி இருக்காது. தையல் மிஷினில் அடித்ததுபோல ஒன்றன் முனையில் மற்றொன்று தொட்டுக்கொண்டு ஒரே கோடாக ஓடும். இடைவெளி தெரிந்தால், அங்கே ஊசி அதே துளைக்குள் போகவில்லை. ஒரு தையல் நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் இருந்தால் கண் அவசரப்பட்டிருக்கிறது. தையல் டீச்சர்கள் மாதிரித் துணியைக் கையில் வாங்கியதும் ஏன் முதலில் புரட்டிப் பார்த்தார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வளைவு வந்தால் கண்ணியைக் குட்டையாக்கிக்கொள்ளுங்கள். வேறு வித்தை இல்லை. மூலைக்கு மட்டும் ஒரு வித்தை உண்டு. இலையின் கூர்நுனியில் சங்கிலியை அப்படியே திருப்பினால் நுனி மழுங்கிப்போகும். நுனி வரை வந்து, கடைசிக் கண்ணியின் வளைந்த மூக்குக்கு உள்ளே நூலை எடுத்து, மூக்கைத் தாண்டி வெளியே ஒரு பொடித் தையலாக இறக்கிப் பூட்டிவிடுங்கள். பிறகு அந்தக் கண்ணிக்கு உள்ளிருந்தே மறுபடி கிளம்பிப் புதுத் திசையில் போங்கள். நுனி ஊசி மாதிரி நிற்கும்.

வட்டத்துக்குப் பூட்டு வேறு. முதல் கண்ணிக்கு ஒரு கண்ணி இடம் இருக்கும்போது நிறுத்துங்கள். நூல் இப்போது கடைசிக் கண்ணிக்குள்ளிருந்து மேலே வந்து நிற்கிறது. துணியைக் குத்தாமல், ஊசியை முதல் கண்ணியின் இரண்டு கால்களுக்கும் அடியில் குறுக்காக நுழைத்து எடுத்து, புறப்பட்ட துளைக்குள்ளேயே திரும்ப இறக்குங்கள். இடையில் விழுவதும் ஒரு கண்ணிதான். பார்ப்பவருக்கு வட்டம் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தெரியாது. எனக்கு இந்தத் தையலிலேயே மிகவும் பிடித்த இடம் இது. இங்கே கடைசிக் கண்ணி என்று ஒன்று தனியாக நிற்பதே இல்லை.

நேர்க்கோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. மூக்குக்கு வெளியே பொடித் தையல் போட்டு, நூலைப் பின்பக்கம் இறக்கி, பின்பக்கத் தையல்களுக்கு அடியே நாலைந்து முறை நுழைத்து எடுத்து, அதன்பிறகு வெட்டுங்கள். பொடித் தையல் சங்கிலியின் நிறத்திலேயே இருப்பதால் வெளியே தெரியாது. லேசி டெய்சி என்று பள்ளியில் போட்டிருப்பீர்களே, அந்தப் பூவின் இதழ்கள் ஒவ்வொன்றும் இப்படித் தனித்தனியாகப் பூட்டிய ஒற்றைச் சங்கிலிகள். அதனால்தான் தலையணை உறையில் ஒரு இதழ் பிய்ந்தாலும் மற்ற நான்கும் வருஷக்கணக்கில் இருக்கின்றன.

நடுவில் நூல் தீர்ந்தால்? கடைசிக் கண்ணியை இறுக்காமல் கொஞ்சம் தளர விட்டு நிறுத்துங்கள். புதுநூலை அந்தக் கண்ணிக்குள் மேலே எடுத்துவிட்டு, பழைய நூலைப் பின்பக்கத்திலிருந்து மெல்ல இழுத்தால் கண்ணி புதுநூலைப் போய் அணைத்துக்கொள்ளும். இலையை நிரப்பும்போது எல்லா வரிசையையும் ஒரே திசையில் போடுங்கள். ஒரு வரிசை மேலே, ஒரு வரிசை கீழே என்று போனால் வெளிச்சம் இரண்டு விதமாகப் பட்டுக் கோடு கோடாகத் தெரியும்.

இவ்வளவும் கைக்கு வந்தபிறகு ஆரிக்கு வாருங்கள். பயமே இருக்காது. ஊசியில் போட்டாலும் ஆரியில் போட்டாலும் கண்ணியின் அமைப்பு ஒன்றுதான். நூல் வந்து சேருகிற வழிதான் மாறுகிறது. ஊசியில் முழு நூலும் ஒவ்வொரு முறையும் துணியைக் கடக்கிறது. ஆரியில் நூல் அடியிலேயே இருக்கிறது. ஆரி ஊசியின் நுனியில் இருக்கிற கொக்கி அதில் ஒரு வளைவை மட்டும் மேலே இழுத்து வருகிறது. அதனால் ஒரு முழக் கட்டுப்பாடு இல்லை. நூல்கண்டு தீரும்வரை போய்க்கொண்டே இருக்கலாம். உரசினால் பிரிந்துபோகிற ஜரிகைக்கு ஆரி அவ்வளவு தோதாக இருப்பதும் இதனால்தான். துணியையே எடுத்துவிட்டு இதே வேலையை வெறுங்கண்ணிகளில் செய்தால் அது குரோஷா.

துணியைக் ‘காட்’ என்கிற மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். விரலால் தட்டினால் சத்தம் வர வேண்டும். தொளதொளத்த துணியில் கொக்கி சிக்கும். வலது கை மேலே ஊசியோடு, இடது கை அடியில் நூலோடு. கொக்கியின் வாய் நீங்கள் போகிற திசையைப் பார்த்திருக்க, ஊசியைச் செங்குத்தாக இறக்குங்கள். அடியில் இடது கை நூலைக் கொக்கியில் சுற்றிக் கொடுக்கும். இப்போது ஊசியை விரல்களுக்கிடையே அரைச்சுற்று உருட்டுங்கள். வாய் பின்னால் திரும்பி, வழவழப்பான முதுகு முன்னால் வந்துவிடும். அந்த முதுகால் துளையின் முன்விளிம்பை லேசாகத் தள்ளிக்கொண்டே மேலே எடுங்கள். தள்ளும்போது கொக்கிக்குப் பின்னால் பொடி இடைவெளி கிடைக்கும். வாய் துணியைக் கடிக்காமல் நூலோடு வெளியே வரும். பிறகு அடுத்த இடத்தில் குத்தப்போகும்போது மறுபடி அரைச்சுற்று.

ஊசி துணியில் மாட்டிக்கொள்கிறதே என்கிற புகார் எல்லோருடையதும். பத்துக்கு ஒன்பது தடவை அரைச்சுற்று முழுமையாக இருக்காது, அல்லது ஊசி சாய்ந்திருக்கும். பலத்தால் இழுக்காதீர்கள்; பட்டுத்துணியில் இழை வந்துவிடும். ஊசியைத் திரும்ப இறக்கி, சுற்றைச் சரிசெய்து எடுங்கள். கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தால் குற்றம் மேல்கையுடையதாக இருக்காது. அடியில் நூலை விரலிடுக்கில் ஒரே சீராக விடாத இடது கைதான் காரணம். எல்லோரும் வலது கையை வீடியோவில் பார்த்துப் பார்த்துப் பழகுகிறார்கள். இடது கையைக் காட்டச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். தயங்காமல் சட்டத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

இந்தக் கொக்கி செருப்புத் தைக்கிறவரின் குத்தூசிக்குச் சொந்தம். கட்ச்சில் தோல் வேலை செய்துவந்த மோச்சி சமூகத்தார் அந்த ஊசியை மெலிதாக்கிப் பட்டுக்குக் கொண்டுவந்து, அரசவைகளுக்குச் சங்கிலித் தையலில் பூவேலை செய்தார்கள். குஜராத்தில் 1700 வாக்கில் செய்து இங்கிலாந்துக்குப் போன அப்படிப்பட்ட பூத்திரைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தையல் மட்டும் இன்னும் பழையது. சீனாவின் ஹூபெய் மாநிலத்தில் மாஷான் என்ற இடத்தில் 1982-ல் தோண்டிய கல்லறையில், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட பட்டாடைகள் கிடைத்தன. அவற்றில் இருக்கும் பூவேலை நம் சங்கிலித் தையல்.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொக்கியும் சட்டமும் பிரான்சில் பெரிய இடத்துப் பெண்களின் பொழுதுபோக்காயின. பதினைந்தாம் லூயியின் அந்தரங்கத் தோழி மதாம் பொம்படூரை துரூவே 1763-64-ல் தீட்டிய ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பூப்போட்ட பெரிய கவுனோடு சட்டத்தின் முன் உட்கார்ந்து, கையில் கொக்கியோடு நிமிர்ந்து பார்க்கிறார். கவுனைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நம் தெருமுனை டெய்லர் கடை மாடியில் நடக்கிற அதே வேலை.

அந்தக் கொக்கியின் வேகத்தைத்தான் பிரெஞ்சுத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே இயந்திரத்துக்குள் கொண்டுவந்தார். 1830-ல் காப்புரிமை வாங்கி, பாரீஸில் ராணுவச் சீருடை தைக்க வரிசையாக மிஷின்களை நிறுத்தினார். பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் கும்பலாக வந்து அடித்து நொறுக்கினார்கள். அவர் மிஷின் போட்டதும் சங்கிலித் தையல். பிறகு 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ், மேலொரு நூல், கீழொரு நூல் என்று இரண்டையும் பின்னிப் பூட்டுகிற மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு முனை அறுந்தாலும் மொத்தமும் உருவாத தையல் அது. உங்கள் வீட்டுத் தையல் மிஷின் பாபினோடு இருப்பது அந்த வழியில் வந்ததால். அவிழ்க்க வேண்டிய இடங்களில் சங்கிலி தங்கிவிட்டது. சாக்கு அதில் ஒன்று.

கையால் போடுகிறவர்களும் அந்தப் பூட்டைப் போட்டாக வேண்டும். ஆரியில் முடிக்கும்போது, அடியில் ஒரு சாண் நூல் விட்டு வெட்டுங்கள். கடைசிக் கண்ணியைக் கொக்கியாலேயே மேலே இழுத்துக்கொண்டே போனால் வெட்டிய நுனியும் மேலே வந்துவிடும். அதைச் சாதா ஊசியில் கோத்து, முந்தைய கண்ணியின் மூக்குக்கு வெளியே கீழே இறக்கி, பின்பக்கத் தையல்களுக்குள் நுழைத்து முடிச்சுப் போடுங்கள். சிலர் இந்த வேலைக்குப் பதிலாக அடியில் ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பசை கல் ஒட்டுவதற்கு; நூலைப் பூட்டுவதற்கு அதை நம்பாதீர்கள். வியர்வை படுகிற இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும்?

வகுப்பில் சேர்வதற்கு முன் பணத்தைப் பற்றி மட்டும் விசாரிக்காதீர்கள். ஆசிரியர் போட்ட துணி ஒன்றை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். முடிச்சுகள் எங்கே இருக்கின்றன, நுனிகள் தொங்குகின்றனவா என்று கவனியுங்கள். சட்டத்தின் உயரம் கழுத்தைக் குனிய வைக்காமல் இருக்க வேண்டும். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தால் வலது கையின் நிழல் ஊசி நுனியில் விழாது. இரவு டியூப்லைட்டில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

முதல் துணியில் ஒரு கோடு, ஒரு இலை, ஒரு வட்டம் போடுங்கள். சோப்புப் போட்டுக் கசக்கித் துவைத்து, காய்ந்தபிறகு கோட்டின் கடைசிக் கண்ணியை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மணி வாங்கக் கிளம்பலாம். அசைந்தால் இன்னொரு முழம் நூல் எடுத்து மறுபடி போடுங்கள். மணியைவிட நூல் மலிவு.